பிரேக் பிடிச்சா ஆடுது

எங்க வீட்டுல ஒரு பாட்டில் மூடியை நான் என் கையால திறந்து பல வருஷம் ஆச்சு. திறக்க முடியாது. எங்க வீட்டுக்காரர் மூடுற லட்சணம் அப்படி. எண்ணெய் பாட்டிலோ, இருமல் மருந்தோ, எங்க பொண்ணோட நகப்பாலீஷ் குப்பியோ, எதுல அவர் கை பட்டாலும் திரும்ப அவரே வந்துதான் திறக்கணும். குளியலறைக் குழாயை மூடிட்டு வந்தார்னா அடுத்துப் போறவங்க துணியைச் சுத்திக்கிட்டுதான் திருகணும். உள்ள இருக்கிற வாஷர் நசுங்கிப் பிஞ்சு குழாய் ஒழுக ஆரம்பிக்கும். ஒழுகுதேன்னு இன்னும் கொஞ்சம் இறுக்குவார். இன்னும் கொஞ்சம் ஒழுகும். "அந்தக் குழாய்க்கு வாயிருந்தா அழும்"னு நான் கத்துவேன். அந்த மனுஷன் காதுலயே போட்டுக்க மாட்டார்.

அவரைச் சொல்லியும் குத்தமில்ல. பார்க்கிற வேலை அப்படி. தண்ணி சப்ளை பண்ற பம்ப் ஹவுஸ்ல வால்வு ஆபரேட்டர். தெருவுல எல்லாரும் வால்வுக்காரர்னுதான் சொல்லுவாங்க. வண்டிச் சக்கரம் அளவுக்கு இருக்கிற வால்வுகளைத் திருகித் திறக்கணும், திருகி மூடணும். நட்டு எதாவது மசியலேன்னா, ஸ்பானரோட கைப்பிடியில ஒரு நீட்டு இரும்புப் பைப்பைச் சொருகி, அது மேல உடம்பு மொத்தத்தையும் போட்டு அழுத்துவார். நான் ஒரு தடவை சாப்பாடு கொண்டு போனப்ப பார்த்திருக்கேன். பைப் மேல ஏறி நின்னு குதிச்சுக்கிட்டு இருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கல. "என்னங்க, ஊஞ்சல் ஆடுறீங்களா?"ன்னேன். "லூஸா விட்டா போச்சு"ன்னார். அவர் வாயிலிருந்து அதிகமா வர்ற வார்த்தை அதுதான். மத்தபடி பேச்சே கம்மி. வீட்டுக்குச் சேர்த்து நான் பேசிக்கிறேன்.

ஆனா அந்த வார்த்தை பம்ப் ஹவுஸ்ல இருந்து வந்தது இல்ல. எங்க பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்ப ஒரு வாடகை வேன்ல போனோம். பாப்பா அவர் மடியில தூங்கிட்டு இருந்தா. திடீர்னு வண்டி ஒரு பக்கமா சாஞ்சு தரையில உரசி நின்னுச்சு. எங்களுக்கு முன்னாடி எங்க வேன் சக்கரமே தனியா உருண்டு போய்க்கிட்டிருந்துச்சு. பாப்பா அவர் கையை விட்டுப் பறந்து முன் சீட்டுக் கம்பியில போய் மோதிட்டா. ரத்தம்னா ரத்தம், என் புடவையெல்லாம் ரத்தம். நல்ல காலம், புருவத்துல தையலோட போச்சு. டிரைவர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே, பஞ்சர் போட்டப்ப நட்டை முழுசா இறுக்க மறந்துட்டேன்னு சொன்னான். அவ்ளோதான். அவனுக்கு அது ஒரு மறதி. எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வராண்டாவுல தன் ரெண்டு கையையும் விரிச்சு வச்சுப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தார். குழந்தையை விட்ட கை அது. அன்னியிலிருந்து அந்தக் கை எதையும் லூஸா விட்டதில்ல.

பாப்பா இப்ப பெரியவ. ஆளு என் தலைக்கு மேல வளர்ந்துட்டா, இன்னும் பாப்பாதான். ரத்தம் டெஸ்ட் பண்ற படிப்புப் படிச்சு, பக்கத்து ஊர்ல பெரிய ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சது. தினமும் ஹைவேயில போய் வரணும். பஸ் தோதுப்படல. சம்பளம் சேர்த்து ஒரு பழைய கார் வாங்கினா. அவர் வேணாம்னு சொல்லல. சொன்னா இவ கேட்கிறவளும் இல்ல. ரெண்டே ரெண்டு கட்டளை போட்டார். ஓட்டும்போது போன் பின் சீட்ல, பைக்குள்ள இருக்கணும். ஞாயித்துக்கிழமை வண்டியை அவர் பார்ப்பார். அவ சரின்னா.

ஞாயித்துக்கிழமை வந்தா விடிஞ்சும் விடியாம வாளியும் துணியுமா வெளிய போயிடுவார். கழுவுவார், தண்ணி ஊத்துவார், டயருக்குக் காத்து பார்ப்பார், குனிவார், நிமிர்வார். நான் ஜன்னல் வழியா பார்த்துட்டு, "கட்டின பொண்டாட்டியை ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருக்காரா"ன்னு பொருமிக்கிட்டே அடுப்பைப் பத்த வைப்பேன். வேற என்ன பண்றார்னு நான் பார்க்கவும் இல்ல, கேட்கவும் இல்ல. அப்பன் மகள் வண்டியைத் துடைக்கிறான், இதுல கேட்க என்ன இருக்கு?

வண்டி வாங்கி கொஞ்ச நாள்லயே பாப்பா ஒரு நாள் முகம் வெளுத்து வீட்டுக்குள்ள வந்தா. "அம்மா, வேகமா போறப்ப பிரேக் பிடிச்சா ஸ்டியரிங் கிடுகிடுன்னு ஆடுதும்மா. கையில பிடிக்கவே முடியல. முன்னாடி லாரி நின்னுடுச்சு, நான் பிரேக் போட்டேன், கையெல்லாம் உதறிடுச்சு"ன்னா. அவளை உட்கார வச்சுத் துருவித் துருவிக் கேட்டேன். மெதுவா போனா ஆடலையாம். ஊருக்குள்ள பிரேக் பிடிச்சா ஒண்ணுமே இல்லையாம். ஹைவே வேகத்துல மட்டும்தான்.

மெயின் ரோட்டு முனையில ஒரு ஒர்க்ஷாப். அந்த மெக்கானிக்குக்கு நான் வச்ச பேர் முணுமுணு. மனுஷங்க கிட்ட பேச மாட்டான், வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு வண்டி கிட்ட பேசுவான். பிரேக் பிடிக்கிற இரும்புத் தட்டு, டிஸ்க்குன்னு சொல்றாங்களே, அது நெளிஞ்சிருக்குன்னான். கழட்டி லேத்துல கொடுத்துச் சீவி மாட்டினான். சரியாச்சு. பாப்பா சிரிச்சுக்கிட்டே போனா. சில வாரம் போகட்டும், திரும்ப ஆட ஆரம்பிச்சுது. மறுபடி போனோம். சீவினது பத்தலக்கான்னு சொல்லி, புது டிஸ்க், புது பிரேக் பேட் எல்லாம் போட்டான். நல்லா இருந்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு, பழைய குருடி கதவைத் திறடின்னு அதே ஆட்டம்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலயே இருக்கும், ஒரு தும்மல் போதும். நேரா ஒர்க்ஷாப்புக்குப் போயிட்டேன். "ஏன் தம்பி, எங்க காதுல பூ சுத்துறியா? போற உசுரு எங்க வீட்டு உசுரு. தெரியலேன்னா தெரியலைன்னு சொல்லு, வேற ஆளைப் பார்க்கிறோம்"னு நடு ரோட்டுல நின்னு கத்தினேன். பக்கத்து டீக்கடையில குடிச்சுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் டம்ளரோட வெளிய வந்துட்டாங்க. முணுமுணு கையைத் துணியில துடைச்சுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டான். அப்புறம், "எனக்கும் புரியலக்கா. புது டிஸ்க் இவ்ளோ சீக்கிரம் நெளியாது. நானே ஓட்டிப் பார்க்கணும். நீங்களும் ஏறுங்க, பாப்பாவும் வரட்டும்"னான். தெரியலைன்னு சொன்ன மெக்கானிக்கை அன்னிக்குத்தான் முதல் தடவையா பார்த்தேன்.

மறுநாள் பாப்பாவுக்கு லீவு. வீட்டுக்காரர் நைட் ஷிஃப்டுக்கு முன்னாடியே கிளம்பிப் போயிட்டார், பெரிய பைப் ஒண்ணு வெடிச்சிருக்குன்னு கூப்பிட்டிருந்தாங்க. நாங்க மூணு பேரும் ஹைவேக்குப் போனோம். முணுமுணு ஓட்டினான், பாப்பா பக்கத்துல, நான் பின்னாடி. ரோடு காலியானதும் அவன் அழுத்த ஆரம்பிச்சான். மரமெல்லாம் பின்னாடி ஓடுது. நான் முன் சீட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். "கை ஒழுங்கா இருக்கு பாருங்க, இப்ப ஆடல. இப்ப பிரேக்"னு சொல்லி மெல்ல கால் வச்சான்.

அம்மாடி! ஸ்டியரிங் அவன் கையில தவளை மாட்டின மாதிரி துள்ளுது. முன்னாடி இருக்கிற கண்ணாடி வரைக்கும் அதிருது. பாப்பா தினமும் இதையா பிடிச்சுக்கிட்டு போறான்னு நினைச்சப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவன் காலை எடுத்தான், ஆட்டம் நின்னுச்சு. வச்சான், ஆடுச்சு. எடுத்தான், நின்னுச்சு. நான் "போதும்டாப்பா, நிறுத்து"ன்னு கத்துறேன், அவனுக்குக் காது கேட்டா தானே.

அடுத்து ரோடு நல்லா காலியா இருக்கிற இடத்துல ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்தான். அது பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்குமாம். வண்டி மெதுவாச்சு, ஆடல. "அப்ப பின்னாடி கோளாறு இல்ல. பின்னாடின்னா சீட்டு அதிரும். ஸ்டியரிங்ல அடிக்குதுன்னா முன் சக்கரம்"னான். வண்டியை ஓரம் கட்டிட்டு பாப்பா பக்கம் திரும்பினான். அவன் அத்தனை வார்த்தை சேர்ந்தாப்ல பேசி நான் கேட்டதே இல்ல. "பாப்பா, ஒண்ணு நல்லா ஞாபகம் வச்சுக்கோ. பிரேக்ல கால் வச்சா மட்டும் ஆடிச்சுன்னா அது டிஸ்க் சமாச்சாரம். பயமா இருக்கும், ஆனா வீடு வந்து சேரலாம். கால் வைக்காமயே ஆடிச்சு, கூடவே டக்கு டக்குன்னு சத்தமும் வந்துச்சுன்னா அது வேற. அது சக்கரம். ஆஸ்பத்திரி, வேலை, எதையும் யோசிக்காதே. மெல்ல வேகத்தைக் குறைச்சு ஓரத்துல நிறுத்திட்டு இறங்கிடு."

பாப்பா தலையாட்டினா. நான் மனசுக்குள்ள, நல்ல வார்த்தை சொல்றான் பாருன்னு திட்டினேன்.

ஒர்க்ஷாப்புக்கு வந்து வண்டியைத் தூக்கி நிறுத்தி முன் சக்கரத்தைக் கழட்டப் போனான். நட்டு அசையல. ஸ்பானரைப் போட்டு ரெண்டு கையால இழுக்கிறான், முகம் சிவந்து போச்சு, அசையல. முணுமுணுக்கிறதை நிறுத்திட்டான். வேற பெரிய ஸ்பானர் கொண்டு வந்து காலால மிதிச்சான். டமார்னு ஒரு சத்தம். நட்டோட சேர்ந்து உள்ள இருக்கிற போல்ட்டே உடைஞ்சு கையில வந்துடுச்சு.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "யாருக்கா இதை இறுக்கினது?"

"என்னைக் கேட்டா? நீதானே மாட்டின."

"நான் மாட்டினது இப்படி இல்ல. போன தடவை கழட்டுறப்பவும் இறுக்கமாதான் இருந்துச்சு, துருன்னு நினைச்சு விட்டுட்டேன். நான் அளவு வச்ச ஸ்பானர்லதான் இறுக்குவேன். அளவு வந்ததும் டக்குன்னு சத்தம் கொடுக்கும், அதோட விட்டுடணும். இதை யாரோ பேய் பிடிச்ச மாதிரி இறுக்கியிருக்காங்க. போல்ட்டு ரப்பர் மாதிரி இழுபட்டிருக்கு பாருங்க, நடுவுல மெலிஞ்சிருக்கு. ஒரு நட்டு ஒரு மாதிரி, இன்னொண்ணு இன்னொரு மாதிரி இறுகினா டிஸ்க் கோணிக்கும். அதான் எத்தனை புது டிஸ்க் போட்டாலும் ஆடுது. வேற எங்கயாவது காட்டினீங்களா?"

"சத்தியமா இல்ல"ன்னா பாப்பா. டயருக்குக் காத்து அடிக்கிற கடையில எவனாவது கை வச்சிருப்பான்னு நானே ஒரு முடிவுக்கு வந்து, அந்தக் கடைக்காரனை அங்கயிருந்தே வாய் வலிக்கத் திட்டினேன். பாவம், யார் பெத்த பிள்ளையோ. முணுமுணு உடைஞ்ச போல்ட்டுக்குப் பதில் தன்கிட்ட இருந்ததைப் போட்டான். டிஸ்க்கைச் சீவிக் கொடுத்து, அது உட்கார்ற இடத்துல துருவைத் தேய்ச்சு எடுத்து மாட்டினான். "மத்த போல்ட்டும் களைச்சுப் போயிருக்கு. புதுசு சொல்லியிருக்கேன், வந்ததும் எல்லாத்தையும் மாத்திடலாம். அளவாதான் இறுக்கியிருக்கேன், அதுவரைக்கும் தாங்கும். வேகமா போக வேணாம். முக்கியமா, எவனையும் இதுல ஸ்பானர் வைக்க விடாதீங்க. இன்னொரு தடவை இறுக்கினா பிச்சுக்கும்"னான்.

அவன் சொன்னது இன்னும் என் காதுலயே இருக்கு. எவனையும் ஸ்பானர் வைக்க விடாதீங்க. வெளி ஆளைத்தான் நான் நினைச்சேன்.

அடுத்த நாள் காலையில பாப்பா வேலைக்குக் கிளம்பினா. அவ சாவியைத் தேடிக்கிட்டு இருந்தப்ப இவர் ஷிஃப்ட் முடிஞ்சு வந்துட்டார், வெளியிலயே நின்னு ஏதோ பண்ணிக்கிட்டு இருந்தார். நான் சமையலறையில. "அம்மா வரேன்"னு சத்தம் கேட்டுச்சு, வண்டி கிளம்புற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அவர் உள்ள வந்து கை கழுவினார். முகத்துல ஒரு தெளிவு. அந்த மனுஷன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்தை எப்பவாவதுதான் பார்க்கலாம்.

"உன் மெக்கானிக் பெரிய ஆளுதான்"னார்.

"ஏன்?"

"சக்கரத்துல நட்டை இறுக்காமயே விட்டிருக்கான். ஸ்பானர் வச்சதும் பொசுக்குன்னு சுத்துது. நல்ல வேளை, இன்னிக்குப் பார்க்கணும்னு தோணுச்சு. பாப்பா வெளிய வர்றதுக்குள்ள பம்ப் ஹவுஸ் பைப்பைப் போட்டு நல்லா ஏறி மிதிச்சு வச்சிருக்கேன். இனி யமனே வந்தாலும் கழட்ட முடியாது."

என் கையில இருந்த தட்டு கீழ விழுந்துச்சு. நான் குனியல. அவரையே பார்த்துக்கிட்டு நின்னேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஜன்னல்ல பார்த்தது எல்லாம் அப்பதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. அந்தக் குனியறது, நிமிர்றது எல்லாம் பைப் மேல ஏறி மிதிக்கத்தான்.

"எல்லா நட்டையுமா?"

"முன் சக்கரம் ரெண்டும். ஏன்?"

சொன்னேன். நான் எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியாது. பாதி சொல்றதுக்குள்ள அவருக்குப் புரிஞ்சு போச்சு. பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டார். நான் போனை எடுத்து பாப்பாவைக் கூப்பிட்டேன். அடிக்குது, எடுக்கல. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கல. "எடுக்க மாட்டா. பின் சீட்ல பைக்குள்ள இருக்கும்"னார். அவர் போட்ட கட்டளைதானே. பொண்ணு அப்பா சொல்லை மீற மாட்டா.

முணுமுணுவைக் கூப்பிட்டேன். "பைப் போட்டாரா?"ன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டான். ஆமான்னேன். ஸ்பானரைக் கீழ போடுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "வாசல்ல நில்லுங்க, வந்துட்டேன்"னான்.

அவனோட டப்பா வேன்ல முன் சீட்லயே மூணு பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். நான் நடுவுல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல, வாய் மட்டும் ஓடுச்சு. "குழாயை உடைச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். குக்கர் கைப்பிடியை உடைச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். கடைசியில என் பொண்ணு வண்டியிலயா? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?" அவர் ரோட்டையே பார்த்துக்கிட்டு வந்தார். முழங்கால் மேல ரெண்டு கையையும் விரிச்சு வச்சிருந்தார். ஆஸ்பத்திரி வராண்டாவுல வச்சிருந்த மாதிரியே. அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு நின்னு போச்சு.

ஹைவேயில ஏறினோம். ஒவ்வொரு வெள்ளைக் காரும் அவ காரா தெரியுது. எதிர்ல ஆம்புலன்ஸ் ஒண்ணு சங்கு ஊதிக்கிட்டுப் போச்சு, உள்ள யாருன்னு எட்டி எட்டிப் பார்த்தேன். மேம்பாலத்துக்கு முன்னாடி வண்டியெல்லாம் தேங்கி நிக்குது, ஆளுங்க கூட்டமா நிக்கிறாங்க. வேன் நிக்கிறதுக்கு முன்னாடியே அவர் கதவைத் திறந்து குதிச்சு ஓடினார். ஓடின வேகத்துல ஒரு செருப்பு கழண்டு விழுந்துச்சு. கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு உள்ள போனார். நான் கண்ணை மூடிக்கிட்டேன். யாரோ லோடு ஆட்டோவுல ஏத்திட்டுப் போன பெயிண்ட் டப்பா எல்லாம் கொட்டி ரோடு பூரா பச்சை. அவர் பச்சைக் காலோட திரும்பி வந்து ஏறினார். "அவ இல்ல"ன்னார். மூச்சு இரைச்சுது. முணுமுணு வண்டியை எடுத்தான்.

பாலம் இறங்கி, ஒரு வளைவு தாண்டினதும் பார்த்தேன். ரோட்டை விட்டு நல்லா ஓரத்துல அவ கார். நாலு லைட்டும் மின்னுது. கார்ல யாரும் இல்ல. அப்புறம்தான் கொஞ்சம் தள்ளி, புல்லுல, பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவளைப் பார்த்தேன். நான் இறங்கி ஓடி அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு அடியும் வச்சேன். ஏன் அடிச்சேன்னு கேட்காதீங்க, எனக்குத் தெரியாது.

"பிரேக்ல கால் வைக்கவே இல்லண்ணே"ன்னு அவ முணுமுணு கிட்ட சொன்னா. "சும்மா போறப்பவே லேசா ஆடிச்சு. முதல்ல ரோடுதான் சரியில்லன்னு நினைச்சேன். அப்புறம் டக்கு டக்குன்னு சத்தம். நீங்க சொன்னீங்கல்ல, யோசிக்காதேன்னு. நிறுத்திட்டேன். போன் போடலாம்னு பையை எடுத்தேன், அதுக்குள்ள நீங்களே வந்துட்டீங்க."

அவன் முன் சக்கரத்துகிட்ட குந்தினான். ரெண்டு நட்டு இருந்த இடத்துல ஒண்ணுமே இல்ல, போல்ட்டு பிச்சுக்கிட்டு மொட்டையா நிக்குது. இன்னொண்ணு விரல் பட்டதும் கையோட வந்துச்சு. மிச்சம் இருந்ததுலதான் சக்கரம் நின்னுக்கிட்டு இருந்துச்சு. வளைவுக்கு அப்புறம் ரோடு சரிவா இறங்குது. லாரியெல்லாம் காத்தைக் கிழிச்சுக்கிட்டு போகுது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாரும் சொல்லல. எல்லாரும் அதையேதான் பார்த்துக்கிட்டு நின்னோம்.

"யாரோ திரும்ப இறுக்கியிருக்காங்கள்ல?"ன்னு பாப்பா கேட்டா. "டயர் கடைக்கு நான் போகவே இல்லையே. யாரு?"

முணுமுணு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நான் வாயைத் திறந்தேன். அவர் என்னை முந்திக்கிட்டார்.

"நான்தான் பாப்பா. காலையில. முன்னாடியும் நான்தான். ஒவ்வொரு வாரமும்."

அவ அவரையே பார்த்தா. புருவத் தழும்பு ஏறி இறங்குது. "ஏம்ப்பா?"

"லூஸா இருந்துச்சு. லூஸா விட்டா..."

"நான் செத்திருப்பேம்ப்பா"ன்னா. கத்தல. அதுதான் கேட்க முடியல. அவர் அப்படியே ரோட்டோரம் மண்ணுல உட்கார்ந்துட்டார், ஒரு கால்ல செருப்பில்லாம, பச்சைப் பெயிண்டோட. இத்தனை வருஷத்துல எல்லாத்துக்கும் அவரைத் திட்டின எனக்கு, அன்னிக்குத் திட்ட ஒரு வார்த்தை அகப்படல. பக்கத்துல போய் உட்கார்ந்துக்கிட்டேன். என்னத்தைச் சொல்ல? கொல்லணும்னா செஞ்சார்?

புது போல்ட்டு வந்ததும் முணுமுணு எல்லாத்தையும் மாத்தினான். அவர் கூடவே நின்னு பார்த்தார். அளவு வச்ச ஸ்பானர் ஒவ்வொரு நட்டுலயும் டக்குன்னு சத்தம் போட்டதும் அவன் கையை எடுத்துட்டான். "அவ்ளோதானா?"ன்னார். "அவ்ளோதாண்ணே." அவர் கை தானா அந்த நட்டுப் பக்கம் போச்சு. பாதியில நிறுத்தி பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டார். பைப்பை அன்னிக்கே பம்ப் ஹவுஸ்ல கொண்டு போய்ப் போட்டுட்டார். அப்புறம் வீட்டுல எதையும் தொடுறதே இல்ல. டீ குடிச்ச டம்ளரைக் கூட மெல்ல, முட்டையை வைக்கிற மாதிரி வைக்கிறார். பாப்பாவும் அவரும் பேசிக்கவே இல்ல. நடுவுல நான் கிடந்து அல்லாடினேன். குழாயை அவர் பழையபடி இறுக்கிட்டா கூட தேவலைன்னு இருந்துச்சு எனக்கு.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. அவர் வெளிய போகல. நாற்காலியில உட்கார்ந்து சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தார். பாப்பா சாவியோட வந்து அவர் முன்னாடி நின்னா. "வாங்கப்பா, வண்டியைப் பார்க்கணும்."

"நான் வேணாம் பாப்பா."

"நீங்கதாம்ப்பா வேணும். ஏறுங்க."

அவரை முன் சீட்ல உட்கார வச்சா. நான் சொல்லாமயே பின்னாடி ஏறிக்கிட்டேன், என்னை யார் விட்டுட்டுப் போறது? ஹைவேயில ரோடு காலியா இருந்துச்சு. பாப்பா வேகம் எடுத்தா. அவர் கதவுக்கு மேல இருக்கிற கைப்பிடியைப் பிடிச்சிருந்தார், கண்ணு முன் சக்கரத்துப் பக்கமே இருக்கு. "கையைக் கொடுங்கப்பா"ன்னு அவர் கையைப் பிடிச்சு ஸ்டியரிங் மேல வச்சா. "இறுக்கிப் பிடிக்காதீங்க. சும்மா வைங்க, போதும். இப்ப பிரேக் பிடிக்கிறேன்."

பிடிச்சா. வண்டி நேரா, சத்தமே இல்லாம மெதுவாச்சு.

"ஆடுதாப்பா?"

"ஆடுது பாப்பா"ன்னார். "இன்னும் ஆடுது."

நான் பின்னாடி இருந்து எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் மேல பாப்பாவோட கை அசையாம இருந்துச்சு.

"வண்டி ஆடலப்பா"ன்னா. "அது உங்க கை."